அவள் நடந்து வரும் இசை

மாசாய்
12 மே 2025

மதிவாணன் அண்ணாவுக்கு,

முன்பின் தெரியாத ஒருத்தி எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அதுவும் இந்தக் காலத்தில் கடிதமாக எழுதுவதற்கு. உங்கள் குழுவின் பேனரில் கைப்பேசி எண்ணும் இருந்தது, குளுவாங் முகவரியும் இருந்தது. எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் அது யார் கையிலெல்லாம் போய் நிற்கும் என்று இப்போது எனக்குப் பயம். தாளில் எழுதினால் நீங்கள் மட்டும் படிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

என் பெயர் லோஷினி. மே நான்காம் தேதி, கோத்தா திங்கி பக்கம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் பால்குடத்துக்கு நீங்கள் உறுமி மேளம் வாசிக்க வந்தீர்கள். ஊர்வலம் அரச மரத்தடியில் நின்றபோது ஒருத்தி ஆடினாள். மஞ்சள் சுடிதார் போட்டிருந்தாள், மூக்குக் கண்ணாடி தெறித்து யாரோ ஒருவர் மேல் விழுந்தது. அது நான்தான். அந்த வீடியோ உங்கள் குழுவின் பக்கத்தில் இருக்கிறது. முடிந்தால் எடுத்துவிடுங்கள். பாசிர் கூடாங்கில் ஒரு எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். பக்கத்து மேசை நவ்சாத் இப்போதெல்லாம் குப்பியை என் முன்னால் வைத்து, "சாமி, இந்த சேம்பிள் பாஸா ஃபெயிலா, சொல்லுங்க சாமி" என்று கேட்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவிட்டுக் கழிவறைக்குப் போய்விடுகிறேன்.

ஆனால் நான் எழுத வந்தது அதற்காக இல்லை.

அன்று என் காலில் விழுந்த அம்மாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர் என் பெரியம்மா, பெயர் காளியம்மா. என்னைப் பெற்ற அம்மா இன்னும் தோட்டத்தில் இருக்கிறார். நான் வேலைக்காக மாசாயில் பெரியம்மா வீட்டில் தங்கியிருக்கிறேன். பெரியம்மாவுக்கு வேறு யாரும் இல்லை. அன்று அவர் பால்குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "ஆத்தா, எனக்கு ஒரு வழி சொல்லு ஆத்தா" என்றார். அந்த நேரம் பார்த்து உங்கள் மேளம் சட்டென்று நின்றது. அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். நான், "உம்மேல கத்தி படாது, நான் பாத்துக்குறேன் போ" என்றேன்.

பெரியம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி. சிறியதுதான், சீக்கிரம் எடுத்துவிட்டால் பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஜூன் இருபத்து நான்காம் தேதி அறுவை சிகிச்சை. ஊரில் யாருக்கும் தெரியாத விஷயம் அம்மனுக்குத் தெரிந்துவிட்டது என்று பெரியம்மா சொல்கிறார். டாக்டர் சொன்னபோது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான் என்பதை மறந்துவிட்டார். ஆஸ்பத்திரி அட்டையை அம்மன் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். இனி போகமாட்டாராம்.

எனக்கு அம்மன் வரவில்லை, அண்ணா. எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. பால் தளும்பி பெரியம்மாவின் முந்தானை நனைந்தது நினைவிருக்கிறது. என் உடம்பை ஆட்டியது உங்கள் இசை. அது ஒரு படத்தின் பின்னணி இசை என்று எனக்குத் தெரியும். ஆமாம் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
லோஷினி


குளுவாங்
18 மே 2025

மிஸ் லோஷினிக்கு,

கடிதம் கிடைத்தது. மலாய்க்காரத் தபால்காரர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அபாங், சம்மனா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு தமிழ் எழுதுவதை நிறுத்தியவன். தப்பு இருந்தால் சிரிக்காதீர்கள்.

வீடியோவை எடுத்தாயிற்று. பையன்களிடம் சொல்லிவிட்டேன். ஆனால் மற்றவர்கள் கைப்பேசியில் இருப்பதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

நீங்கள் கேட்ட ஒரு வரியை நான் எழுத மாட்டேன். உங்களை எனக்குத் தெரியாது. கோயில் தலைவர் சபாபதி ஐயா சொல்லி எழுதுகிறீர்களா என்றும் தெரியாது. அவர் எங்களைப் பிடிக்கும்போதே, "தம்பி, சினிமா மெட்டு ஒன்னுகூட வரக்கூடாது, வந்தா அடுத்த வருசம் வேற ஆளு" என்று சொல்லித்தான் பிடித்தார். நாங்கள் பக்திப் பாட்டுதான் வாசிக்கிறோம். உறுமி அடித்தால் ஆடுகிறவர்கள் ஆடுவார்கள். அது காலம்காலமாக நடப்பது.

உங்கள் பெரியம்மாவுக்காக வருத்தப்படுகிறேன். உண்மையாகத்தான் சொல்கிறேன். ஆனால் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது உங்கள் வீட்டு வேலை. வார்த்தை சொன்னது நீங்கள். நாங்கள் அடித்தோம், அவ்வளவுதான். நீங்களே போய் நடந்ததைச் சொல்லுங்கள். படித்த பெண், உங்களுக்குத் தெரியாதா எப்படிச் சொல்வது என்று?

கோபமாக எழுதியதுபோல் இருந்தால் மன்னிக்கவும்.

மதிவாணன்


மாசாய்
23 மே 2025

மதிவாணன் அண்ணாவுக்கு,

நீங்கள் சொன்னது சரி. வார்த்தை சொன்னது நான்தான். மறுபடி எழுதித் தொந்தரவு செய்வதற்கு வெட்கமாக இருக்கிறது. சபாபதி ஐயாவிடம் நான் இதுவரை நேராக நின்று வணக்கம்கூடச் சொன்னதில்லை. அவர் சொல்லி எழுதவில்லை.

நான் சொன்ன அந்தப் படத்தில் ஒரு பெண் முழுக்கப் பேச மாட்டாள். அவளை யார் என்ன சொன்னாலும் தலையைக் குனிந்துகொண்டு போவாள். கடைசியில் ஊர்க்கூட்டத்துக்கு நடுவில் நடந்து வருவாள். அந்த நடைக்கு ஒரு இசை. முதலில் வயலின்கள் அடித்தொண்டையில் முனகுவதுபோல் இழுக்கும். அதற்கு மேல் ஒற்றை நாதஸ்வரம். அப்புறம் பறை, தூரத்திலிருந்து கிட்டே வருவதுபோல். எல்லாம் உச்சிக்குப் போய், அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரேயடியாக நின்றுவிடும். அன்று மரத்தடியில் நாதஸ்வரத்துக்குப் பதிலாகத் தள்ளுவண்டியில் இருந்த உங்கள் கீபோர்ட். பறைக்குப் பதிலாக உறுமி. மற்றபடி ஒரு இடம்கூட மாறவில்லை. ஆயிரம் முறை கேட்டவளுக்குத் தெரியாதா?

பல்கலைக்கழக விடுதியில் தோழிகளோடு மடிக்கணினியில் அந்தப் படத்தைப் பார்த்தேன். அவர்கள் அந்தக் காட்சியில், "அலமாக், ஓவர் லா" என்று சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அதற்குப் பிறகு அந்த இசையை மட்டும் தனியாக இறக்கி வைத்துக்கொண்டேன். தேர்வு அறைக்குள் போகும் முன் கேட்பேன். வேலைக்கு நேர்முகம் நடந்த கட்டடத்தின் மின்தூக்கியில் கேட்டேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஆனாலும் நாலு பேர் இருக்கிற இடத்தில் என் குரல் எழும்பாது. அந்த இசை காதில் ஓடும்போது மட்டும் நான் யாரோ பெரிய ஆள். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இருபத்து நான்கு வயதில் சொல்லிக்கொள்கிற விஷயமா இது?

அன்று திடீரென்று வெட்டவெளியில் அது ஒலித்ததும் என் கால் என்னிடம் இல்லை. அதுவரை உண்மை. யாராவது நெருப்பைக் காட்டியிருந்தால் நடந்திருப்பேன். ஆனால் இசை நின்றதும் நான் திரும்பி வந்துவிட்டேன். கண்ணாடி இல்லாமல் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. கீழே பெரியம்மா. நான் குனிந்து தூக்கியிருக்கலாம். ஆனால் அந்தப் படத்தில் அந்த இடத்தில் அவள் பேசுவாள். ஊரே கேட்கும். அதனால் நான் பேசினேன். ஊரே கேட்டது. அது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

நீங்கள் சொன்னபடி நேற்று பெரியம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"பெரியம்மா, அன்னைக்கு வந்தது அம்மன் இல்ல. அது சினிமா மியூசிக்."

"அம்மனுக்கு எந்த மியூசிக் புடிக்கும்னு ஒங்கிட்ட வந்து சொன்னாளா?"

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு பெரியம்மா. நான்தான் பேசுனேன்."

"ஏன்டி, ஆடுனவளுக்கு என்னா தெரியும்? சாமி வந்தவளுக்கு ஒன்னும் ஞாபகம் இருக்காதுன்னு ஊருக்கே தெரியும். ஒனக்கு ஞாபகம் இருக்குற மாதிரி இருக்கு, அவ்ளோதான். வெக்கப்படுற. நீ சின்ன வயசுலேருந்து அப்படித்தான், கேக் வெட்டக் கூப்பிட்டாக்கூட ரூமுக்குள்ள ஓடிருவ."

நம்பிக்கையின் சட்டம் அப்படி இருக்கிறது அண்ணா. ஆடினவள் சாட்சி செல்லாது. நான் எவ்வளவு உறுதியாக மறுக்கிறேனோ அவ்வளவு உறுதியாக அது அம்மனாகிவிடுகிறது. அடுத்த சந்திலிருந்து ஓர் ஆன்ட்டி எலுமிச்சம்பழத்தோடு வந்து, மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை நிலைக்குமா என்று என்னிடம் கேட்கிறார். நான் படுக்கையறையைத் தாழிட்டுக்கொள்கிறேன். வெளியே பெரியம்மா, "இன்னைக்கு உத்தரவு இல்ல போல, அப்புறம் வாங்க" என்று அனுப்பிவைக்கிறார். அவர் குரலில் ஒரு பெருமை. போன மாதம் வரை அந்தக் குரலில் பயம் மட்டும்தான் இருந்தது. அந்தப் பெருமையைப் பிடுங்கப்போகிறோம் என்றும் எனக்கு உறுத்துகிறது.

இசை எது என்று இனி கேட்கமாட்டேன். எனக்கே தெரியும். நான் கேட்பது வேறு. நீங்கள் அதை அங்கே ஏன் வாசித்தீர்கள்?

லோஷினி


குளுவாங்
1 ஜூன் 2025

தங்கச்சி லோஷினிக்கு,

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். வார நாளில் நான் லாரிக்குச் சாயம் அடிக்கிறவன். முதலாளி கூப்பிட்டது காதில் விழவில்லை.

ஆமாம். அதுதான். நீங்கள் எழுதினீர்களே, அந்தப் பெண் நடந்து வரும் இசை. எழுதிவிட்டேன். இனி மறைக்க என்ன இருக்கிறது, முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

கோயில்காரர்கள் மேளத்தை எப்படி எடைபோடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. தாளம் சுத்தமா, பையன்கள் சீருடை போட்டிருக்கிறார்களா என்று யாரும் பார்ப்பதில்லை. "ஒங்க மேளத்துக்கு எத்தன பேருக்கு அருள் வந்துச்சு?" என்றுதான் கேட்பார்கள். ஒருவரும் ஆடாவிட்டால், "மேளம் செத்த மேளம்" என்று பேச்சாகிவிடும். அன்று உங்கள் தோட்டத்தில் வெயில். ஊர்வலம் பாதி வந்தும் ஒருவரும் ஆடவில்லை. சபாபதி ஐயா என் பக்கத்தில் வந்து, "என்னா தம்பி, சோறு திங்கலயா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று இருந்தது.

அந்த இசையைக் கொஞ்ச நாளாகவே கையில் வைத்திருக்கிறேன். உறுமியை அடக்கச் சொல்லிவிட்டுக் கீபோர்டில் அந்த இழுப்பை வைப்பேன். எது எந்தப் படம் என்று கூட்டத்தில் பிடிபடாது, உறுமி மூடிவிடும். வாசித்துக்கொண்டே முன்னால் நிற்கிறவர்கள் முகத்தைப் பார்ப்பேன். யாருக்குக் கண் கலங்குகிறதோ, யார் மூச்சை மேலே இழுக்கிறார்களோ, அவர்கள்தான். அன்று உங்களைப் பார்த்தேன் தங்கச்சி. எல்லாருக்கும் பின்னால் நின்றீர்கள். நான் இழுப்பைத் தொடங்கியதும் உங்கள் முகம் மாறியது. தள்ளுவண்டி தள்ளுகிற காளியப்பனிடம் ஸ்பீக்கரை உங்கள் பக்கம் திருப்பச் சொன்னேன். நீங்கள் ஆடத் தொடங்கியதும் கிட்டே கொண்டுவரச் சொன்னேன். நிறுத்தியதும் நான்தான். நிறுத்தினால் வாக்கு வரும் என்று தெரிந்துதான் நிறுத்தினேன்.

வாக்கு வந்ததும் நாங்கள் அடுத்த பாட்டை எடுத்துவிட்டோம். யார் யாருக்கு என்ன சொன்னார்கள் என்று நான் கேட்பதே இல்லை. இத்தனை நாளில் யார் யார் என்னென்ன வாக்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்களோ. உங்கள் கடிதம் வரும்வரை நான் அதை நினைத்துப் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்தப் படத்தை இங்கே குளுவாங் தியேட்டரில் பார்த்தேன். மனைவி, "வாங்க, எல்லாரும் போயிட்டாங்க" என்று தோளைத் தட்டினாள். கூட்டுகிற பங்களாதேஷ்காரர் துடைப்பத்தோடு காத்துக்கொண்டு நின்றார். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அப்படி என்னைப் பிடித்து உட்கார வைத்ததைத்தான் நான் எடுத்து விற்றுக்கொண்டிருக்கிறேன்.

சரி. இப்போது ஒரு வழி சொல்கிறேன். கோபப்படாதீர்கள். பெரியம்மாவைத் தோட்டத்துக் கோயிலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை பூசைக்கு அழைத்து வாருங்கள். நான் பூசைக்கு இலவசமாக வாசிக்க வருகிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன். அதே இசையை வைக்கிறேன். நீங்கள் ஆடுங்கள். நிறுத்துகிறேன். "ஆஸ்பத்திரிக்குப் போ, நான் கூட வர்றேன்" என்று சொல்லிவிடுங்கள். அம்மன் சொன்னால் அவர் போய்விடுவார். உயிர் பிழைத்தால் போதாதா?

நான் எழுதியதை மட்டும் யாரிடமும் காட்ட வேண்டாம். கோயில்காரர்கள் காதில் விழுந்தால் எங்கள் கதை முடிந்தது. பையன்களில் சிலருக்கு இந்த மேளம் இல்லாவிட்டால் அடிதடிக் கும்பல்தான் போக்கிடம். அதனால் கேட்கிறேன்.

அண்ணன்,
மதிவாணன்


மாசாய்
9 ஜூன் 2025

மதிவாணன் அண்ணாவுக்கு,

நீங்கள் ஸ்பீக்கரைத் திருப்பச் சொன்ன வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாருக்கும் பின்னால் நின்றால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். உங்கள் மேல் கோபம் வந்தது. பிறகு, அதை மறைக்காமல் எழுதியதற்காக மரியாதையும் வந்தது. இரண்டும் இப்போது ஒன்றாக இருக்கின்றன.

உங்கள் யோசனை தப்பு என்று உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. ஏனென்றால் கோயில்வரை போவானேன், வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. போன சனிக்கிழமை காலை பெரியம்மா பூ கட்டிக்கொண்டிருந்தார். நான் சாமி அறையில் நின்று காதில் இசையை ஓடவிட்டேன். எல்லாம் தெரிந்த பிறகும், நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று வரிவரியாகப் படித்த பிறகும், நாதஸ்வரம் வந்ததும் எனக்கு உடம்பு நடுங்கியது. தெரிந்துகொண்டால் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. காதுக்குள் இருந்த இயர்போனைத் தலைமுடி மறைத்திருந்தது. என் மூச்சுச் சத்தம் கேட்டு பெரியம்மா ஓடி வந்தார். கற்பூரம் ஏற்றினார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றார். சாமி முன்னால் அவர் கண்ணாடி போடுவதில்லை. அது இல்லாமல் அவர் முகம் சின்னதாக, பள்ளிப் பிள்ளை முகம்போல் இருந்தது.

"சொல்லு ஆத்தா" என்றார். "ஒன் வாக்கத்தான் புடிச்சிட்டு நிக்கிறேன்."

ஆஸ்பத்திரிக்குப் போ என்கிற வார்த்தை என் நாக்கில் இருந்தது. நல்ல வார்த்தைதான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுபடி ஒரு பொய் சொல்ல என்னால் ஆகவில்லை. அதோடு, நாளைக்கு டாக்டர் மருந்து ஏற்ற வேண்டும் என்பார். அதற்கும் பெரியம்மா என்னிடம்தான் வாக்குக் கேட்பார். அந்த எலுமிச்சம்பழ ஆன்ட்டி கேட்பார். நான் வாழ்நாள் முழுக்க ஆட வேண்டும். காதில் இருந்ததை இழுத்து அவர் கையில் வைத்தேன். "இதுதான் பெரியம்மா அம்மன்" என்றேன். அவர் அதைத் தன் காதில் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் கேட்டார். முகம் கலங்கியது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா அன்னைக்கு மேளத்துல அடிச்சது இது இல்ல. அது வேற."

"இதேதான் பெரியம்மா."

"நீ ஆடிக்கிட்டு இருந்த. ஒனக்கு என்னா தெரியும்? அடிச்சவன் வந்து சொல்லட்டும், அப்ப பாக்கலாம்."

சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனார். தேநீர் கலக்கிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, "கத்தி வைக்கிறப்ப மயக்கம் குடுப்பாங்கல்ல? எந்திரிக்காமயே போயிட்டா நீ தனியா இருப்பியேடி" என்றார். இத்தனை வாரத்தில் அவர் வாயிலிருந்து அம்மன் இல்லாமல் வந்த முதல் பேச்சு அது. நான் பதில் சொல்வதற்குள் தேநீரை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அவர் காத்துக்கொண்டிருப்பது நம்பிக்கையை விடுவதற்கு ஒரு காரணத்துக்காக. அதை என் வாயால் கொடுக்க முடியாது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று முதல் கடிதம் எழுதியபோதே இருந்தது. கேட்கத் தைரியம் இல்லாமல் வீடியோவை எடுத்துவிடுங்கள், ஒரு வரி எழுதுங்கள், ஏன் வாசித்தீர்கள் என்று சுற்றிச் சுற்றி வந்தேன். உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டலாம். காட்ட மாட்டேன். யாரிடமும் காட்ட வேண்டாம் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். காட்டினாலும், நானே எழுதிக்கொண்டது என்பார். பெரியம்மா கோயில் மகளிர் குழுவில் இருக்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்குத் தெரிந்தது சபாபதி ஐயாவுக்குத் தெரியாமல் இருக்காது. அதைத் தடுப்பேன் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. உங்கள் பையன்களை நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன். முடியாது என்றால் ஒன்றும் எழுத வேண்டாம், நான் புரிந்துகொள்வேன்.

வருகிற ஞாயிறு, பதினைந்தாம் தேதி காலை, கீபோர்டை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். முகவரி உறையின் பின்னால் இருக்கிறது. உறுமி வேண்டாம், ஆள் வேண்டாம், நீங்கள் மட்டும். கூடத்தில் தொலைக்காட்சி மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதை வாசியுங்கள். நான் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சோபாவில் இருப்பேன். எனக்கு உடம்பு நடுங்கும், அழுவேன், எழுந்து ஆடினாலும் ஆடுவேன். பட்டப்பகலில், வேலைக்குப் போடுகிற சட்டையோடு, அவர் அதைப் பார்க்கட்டும். அப்போது வாசிப்பதை நிறுத்திவிட்டு, எனக்கு எழுதியதையெல்லாம் உங்கள் வாயால் அவரிடம் சொல்லுங்கள். ஸ்பீக்கரைத் திருப்பச் சொன்னதையும் சொல்லுங்கள். என் மானத்தைக் காப்பாற்ற எதையும் மாற்றிச் சொல்ல வேண்டாம்.

வருவீங்களா அண்ணா?

லோஷினி